வால் பங்கு

முதலில் அவனை ஆலையின் எடைமேடையில்தான் ஏற்றினோம்.
நானூற்று எழுபது கிலோ.
செம்பனைக் குலைக்கு எழுதும் சீட்டு,
"சரக்கு" கட்டத்தில் என்ன போட என்று கேட்டேன்.
"மந்திரி" என்றார் குணாளன்.
ஈப்போ திடலில் ஓடிய நாளில் ஏதோ நீளமான பெயர்,
எங்கள் வாய்க்கு அகப்பட்டது கடைசியில் இருந்த மினிஸ்டர் மட்டும்.
பதினெட்டு ஓட்டம், ஒரேயொரு மூன்றாம் இடம்.
பிறகு முழங்கால் வீங்கியது.
இரண்டாயிரத்து நூறு வெள்ளிக்குத் தாப்பாவுக்கு வந்தான்.

ஐந்து பேர் காசு.
வலது முன்னங்கால், குலை லாரி ஓட்டும் குணாளனுக்கு.
இடது, பால்பண்ணை குர்தேவ் கவுருக்கு; கொட்டகையும் அவளுடையது.
பின்னங்கால் ஒன்று, லாடம் அடிக்கும் ஹம்சாவுக்கு.
இன்னொன்று, ஆணிக்கடை ஆ மூய்க்கு.
அவள் அவனைத் தொட்டதே இல்லை,
பயம். கேரட் மட்டும் கொடுத்தனுப்புவாள்.
நூறு வெள்ளியோடு நான் போனபோது
கால் தீர்ந்திருந்தது.
"உனக்கு வால்" என்றார்கள்.
அன்றிலிருந்து ஊருக்கே நான் வாலு.

மாட்டுக்கு நோய் என்றால் இங்கே
தெருவுக்கு நாலு வைத்தியர்.
குதிரைக்கு?
பீடோரில் ஒருவரிடம் வண்டிக்குதிரை,
தெமோவில் ஒரு வாத்தியார் வீட்டில் மட்டக்குதிரை.
வைக்கோல் விலை கேட்க, லாட ஆணி கடன் வாங்க,
அர்த்தமில்லாமல் பெருமை பேச
அவ்வளவுதான் எங்கள் உறவுமுறை.

சனிக்கிழமை ஒரு கல்யாணம்.
மாப்பிள்ளைக்குக் குதிரை வேண்டுமாம்,
எங்களைக் கேட்காமலே குணாளன் சரி சொல்லிவிட்டார்.
மந்திரி நல்ல பிள்ளையாய்த்தான் நடந்தான்.
பந்தலில் யாரோ வடை கொடுத்தார்கள்.
யாரோ லட்டு.
யாரோ, நினைத்தாலே எரிகிறது, பிரியாணி.

இரவு பத்துக்குத் தன் விலாவைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.
மண்ணைப் பறித்தான். விழுந்து புரளப் போனான்.
ஹம்சா வயிற்றில் காதை வைத்து
வெகுநேரம் எடுக்கவில்லை.
"சத்தமே இல்லை" என்றார்.
ஈப்போ டாக்டர் போனில் சொன்னார்:
படுக்க விடாதே. நடத்து. காலையில் வருகிறேன்.

நடத்தினோம்.
பள்ளித் திடலைச் சுற்றி, ஆளுக்கு அரை மணி,
மழை வேறு பிடித்துக்கொண்டது.
குர்தேவ் குணாளனைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.
"என் கால் கல்யாணத்துக்குப் போகக் கேட்டதா?"
"அப்போ வாடகைக் காசில் உனக்குப் பங்கு வேண்டாமா?"
ஒரு சுற்று பேசாமல் போனாள்.
"வேண்டும்" என்றாள் அடுத்த சுற்றில்.

மூன்று மணிக்கு ஆ மூய் வந்தாள்,
இரவு உடையில், பிளாஸ்டிக் பையில் கோப்பி ஓவோடு.
யாரும் கேட்கவில்லை.
கயிற்றை என் கையிலிருந்து வாங்கி
அவளே நடந்தாள்,
முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

எனக்குப் பின்னால்தானே இடம்.
டார்ச்சை வைத்துக்கொண்டு
என் நூறு வெள்ளியைப் பார்த்தபடி நடந்தேன்.
அது அசையவில்லை.
ஒரு கூந்தல் நனைந்து தொங்குவதுபோல் தொங்கியது.
சாமிக்கு நேர்ந்துகொள்ள வாயெடுத்தேன்,
இதற்கெல்லாம் போய் எப்படிக் கேட்பது என்று
விட்டுவிட்டேன்.

ஐந்தே முக்கால். பாங்கு ஓய்ந்து,
முதல் குலை லாரி சாலையில் உறுமியது.
வால்
கொஞ்சம் விலகியது.
பிறகு நன்றாக, கம்பீரமாக, தூக்கியது.
ஊரிலேயே முதலில் கண்டவள் நான்.
"போட்டுட்டான்!" என்று கத்தினேன்.
ஹம்சா புல்லில் உட்கார்ந்துவிட்டார்.
குர்தேவும் குணாளனும் கைகுலுக்கிக்கொண்டார்கள்,
உடனே விட்டும்விட்டார்கள்.
ஆ மூய் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

டாக்டர் வந்து ஊசி போட்டு,
எடை தெரிந்தால் நல்லது என்றார்.
மேடையில் நானூற்று அறுபத்தொன்று.
சீட்டில் "கழிவு" என்றொரு கட்டம் உண்டு,
குலையோடு வரும் மண்ணையும் கல்லையும் கழிக்க.
ஒன்பது கிலோ என்று எழுதி,
கையெழுத்துப் போட்டேன்.